கற்பூரவள்ளிக்கும் ஒரு அளவு வேணும்

ஜெர்மனியில் இருமல்னு மருந்துக்கடைக்குப் போனா, தைம் இலைச் சாறு சேர்ந்த சிரப் கொடுப்பாங்க. அந்த தைமில் இருக்கிற தைமால்தான் நம்ம ஓமத்திலும் இருக்கு. அப்போ இதுவும் பாட்டி வைத்தியம்தானேன்னு நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு.

ஒரு வித்தியாசம் இருக்கு. 1978-இல் இங்கே 'கமிஷன் இ' என்ற நிபுணர் குழுவை அரசு அமைத்தது. முந்நூறுக்கும் மேற்பட்ட மூலிகை மருந்துகளை ஆராய்ந்து, எதற்கு உதவும், எவ்வளவு, யாருக்கு ஆகாது என்று எழுதி வைத்தார்கள். தைமுக்கு ஒப்புதல் கிடைத்தது. பல மூலிகைகளுக்குக் கிடைக்கவில்லை.

நம்ம பால்கனிக் கற்பூரவள்ளிக்கு அம்மாவின் கையளவுதான் கணக்கு. பெரியவர்களுக்குக் கஷாயம் என்றால் பரவாயில்லை. ஊரிலிருந்து வீடியோ காலில், "சாற்றைத் தேனில் குழைச்சுக் கைக்குழந்தை நாக்கில் தடவு" என்றால் அங்கே நிற்கணும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. பாட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம், உயிருக்கே ஆபத்து.

அதற்காகக் கைவைத்தியத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. மென்பொருள் வேலையில், எழுதி வைக்காத விஷயம் தெரிஞ்ச ஆளோடு போய்விடும். இதுவும் அப்படித்தான். எந்த இலை, எத்தனை, எந்த வயசுக்கு என்று பெரியவங்ககிட்ட கேட்டு எழுதுங்க. குழந்தை மருத்துவரிடம் காட்டுங்க. இங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் பாட்டியின் கையளவு தெரியாது.