கம்பளி பின்னும் உளவாளி



இந்த மாதம் அகதா கிறிஸ்டியின் ‘என் ஆர் எம்?’ நாவலை மறுபடி எடுத்தேன். அவருடைய புகழ்பெற்ற துப்பறிவாளர்களான புவாரோவும் மிஸ் மார்ப்பிளும் இல்லாத கதை. ஆனாலும் எனக்கு மிகப் பிடித்தமானது.

1940-ன் வசந்தகாலம். பிரான்ஸ் வீழ்ந்துகொண்டிருக்கிறது. இங்கிலாந்தின் கடலோர ஊர் ஒன்றில் ‘சான் சூசி’ என்றொரு தங்கும் விடுதி. அங்கிருப்பவர்களில் யாரோ ஹிட்லரின் ஆள். துப்பறிய வருபவர்கள் டாமியும் டப்பென்ஸும். 1922-ல் வந்த கிறிஸ்டியின் நாவலில் துள்ளித் திரிந்த ஜோடி, இப்போது வளர்ந்த பிள்ளைகளின் பெற்றோர். வயதாகிவிட்டது என்று இருவருக்கும் யாரும் போர்ப்பணி தருவதில்லை. கடைசியில் டாமிக்கு மட்டும் ஒரு ரகசிய வேலை வருகிறது. ஸ்காட்லாந்துக்குப் போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். விடுதிக்கு வந்து பார்த்தால், அங்கே கம்பளி பின்னிக்கொண்டிருக்கும் ‘மிஸஸ் பிளென்கென்சாப்’ சாட்சாத் டப்பென்ஸ்! அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்ணை இவ்வளவு குறும்போடும் துணிச்சலோடும் கதையின் நடுவில் நிறுத்தியதற்காகவே கிறிஸ்டியைக் கொண்டாடலாம்.

உடம்பைப் பற்றி ஓயாமல் கவலைப்படும் கணவர், அவரையே சுற்றிவரும் மனைவி, பழைய ராணுவ மேஜர், குழந்தையோடு தங்கியிருக்கும் தாய் என்று எல்லோரும் நமக்குத் தெரிந்த முகங்கள். காபி நேரத்துப் பேச்சில் ஒவ்வொருவரையும் சந்தேகிக்கத் தொடங்குகிறோம்.

அந்த மேஜரின் பெயர் பிளெட்ச்லி. எதிரியின் சங்கேதச் செய்திகளை உடைக்கும் ரகசிய வேலை நடந்த இடமோ பிளெட்ச்லி பார்க். உளவுத்துறை பதறிப்போனதாம். அங்கே பணியாற்றிய டில்லி நாக்ஸ் கிறிஸ்டியின் நண்பர். அவர் மெல்ல விசாரித்தபோது, ரயிலில் போகையில் பிளெட்ச்லி ஊரில் மாட்டிக்கொண்ட எரிச்சலில் வைத்த பெயர் என்று பதில் வந்ததாகச் சொல்வார்கள்.

இந்த நாவல் 1941-ல் வெளிவந்தது. போரில் யார் வெல்வார் என்று அப்போது யாருக்கும் தெரியாது. கதையின் குற்றவாளியை அறிந்திருந்த கிறிஸ்டிக்கு, தன் நாட்டின் கதை எப்படி முடியும் என்பது தெரியாது. போர்க்காலத்தில் லண்டன் மருத்துவமனை ஒன்றின் மருந்தகத்தில் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். தான் குண்டுவீச்சில் இறந்துபோனால் மகளுக்கும் கணவருக்கும் உதவட்டும் என்று ‘கர்ட்டன்’, ‘ஸ்லீப்பிங் மர்டர்’ என்ற இரண்டு நாவல்களையும் எழுதிப் பத்திரப்படுத்தினார். அவை 1975, 1976-ல்தான் அச்சேறின. அப்படியொரு காலத்தில் எழுதிய கதையிலும் வெறுப்பு தலைதூக்கவில்லை. எதிரி உளவாளிக்கும் தன் நாட்டின்மேல் பற்று இருக்கும், உயிரைப் பணயம் வைக்கும் துணிவு இருக்கும் என்று டப்பென்ஸ் நினைத்துப் பார்க்கிறாள். அந்த நியாய உணர்வுதான் என்னை இந்தப் புத்தகத்திடம் திரும்பத் திரும்ப அழைத்துவருகிறது.

உளவாளி யாரென்று சொல்லமாட்டேன். படித்துவிட்டு, எந்த அத்தியாயத்தில் கண்டுபிடித்தீர்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்