குளிக்கத் தடை போதாது, காக்க ஆள் வேண்டும்

காணும் பொங்கலன்று மெரினாவில் அலைக்கு முன்னால் கட்டைகளால் வேலி எழும்புகிறது. குழந்தைகளின் கையில் பெற்றோரின் கைப்பேசி எண் எழுதிய பட்டை கட்டுகிறார்கள். குதிரைப் படை மணலில் சுற்றிவருகிறது. அந்த ஒரு நாளுக்கு இது பலன் தருகிறது, பாராட்டத்தான் வேண்டும். கூட்டம் கலைந்ததும் வேலியும் போய்விடும். எஞ்சுவது ‘இங்கே குளிக்கத் தடை’ என்ற பலகை. தேர்வு முடிந்த பையன்கள் அதன் மேலேயே சட்டையை மாட்டிவிட்டுக் கடலில் இறங்குகிறார்கள்.

மெரினாவில் கரையை ஒட்டியே ஆழம் இறங்குகிறது. அங்கே தடை நியாயமானதுதான். ஆனால் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடற்கரை உள்ள மாநிலம் இது. ஏப்ரல், மே வெயிலில் நுழைவுக் கட்டணம் இல்லாமல் குடும்பத்தோடு போய் உட்கார ஏழைக்கு வேறு எந்த இடம் இருக்கிறது? எங்கே இறங்கலாம் என்று சொல்லாத அரசு, எங்குமே இறங்காதே என்றால் யார் கேட்பார்கள்?

ஆபத்து எதில் இருக்கிறது என்பதையும் யாரும் விளக்குவதில்லை. ஒவ்வொரு சாவுக்கும் ‘ராட்சத அலை இழுத்துச் சென்றது’ என்றே செய்தி வருகிறது. உடைந்த அலை ஆளைக் கரைப்பக்கம்தான் தள்ளும். அது கொண்டுவந்து குவித்த நீர் கடலுக்குத் திரும்பும் ஓட்டமே உள்ளே இழுக்கிறது. மணல் திட்டுகளுக்கு இடையே உள்ள பள்ளத்தில் வாய்க்கால் போலக் குறுகிப் பாய்கிறது. கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய தூண்டில் வளைவுகளின் பாறை ஓரத்திலும் உருவாகிறது. அந்த இடத்தில் அலை அவ்வளவாக உடையாது. பார்ப்பதற்கு அமைதியாக இருக்கும். நீச்சல் தெரியாதவர் நம்பி இறங்குவதும் அங்கேதான். சில வேளை அதன் வேகம் நொடிக்கு இரண்டு மீட்டரைத் தாண்டும். பதக்கம் வாங்கிய நீச்சல் வீரரும் எதிர்த்து நீந்திக் கரையேற முடியாது. அந்த ஓட்டம் ஆளைக் கீழே அமுக்குவதில்லை, அகலமும் குறைவு. பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். தடைப் பலகையில் இதை எழுத எவ்வளவு பெயின்ட் செலவாகும்?

காப்பாற்றப் போகிறவரும் சேர்ந்து மூழ்குவது இன்னொரு கொடுமை. பெசன்ட் நகர் கடற்கரையில் எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொள்ளும் அந்த வெள்ளை வளைவு, 1930 டிசம்பர் 30 அன்று பிறரைக் காப்பாற்ற உதவித் தன் உயிரை விட்ட ஷ்மிட் என்பவரின் நினைவுச் சின்னம். தத்தளிப்பவரை நோக்கிக் குதிப்பதை விட ஒரு கயிற்றையோ மூடிய காலித் தண்ணீர் கேனையோ வீசுவது மேல்.

2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் கடலில் மூழ்கி இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அப்போது நடப்பில் இருந்தது. தெற்கே தொலைதூரக் கடலில் எழும் புயல் அனுப்பும் அலை அது. இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. ஹைதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையத்தின் எச்சரிக்கை அலுவலகங்களுக்குச் சேர்கிறது. வெளியூரிலிருந்து வந்து மணலில் நிற்பவரிடம் அதைச் சொல்ல ஆள் வேண்டாமா?

கோவாவில் 2008 முதல் பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர்கள் கரையில் நிற்கிறார்கள். சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே குளிக்கலாம், சிவப்புக் கொடி பறந்தால் இறங்கக் கூடாது என்பது அங்கே நடைமுறை. சென்னையை அடுத்த நம் கோவளம் கடற்கரையும் 2021இல் கடற்கரைத் தரத்துக்கான நீலக் கொடிச் சான்று பெற்றது. உயிர்காப்பு ஏற்பாடு இல்லாமல் அந்தச் சான்று கிடைக்காது. ஒரு கோவளத்தில் முடிந்தது மற்ற கடற்கரைகளில் ஏன் முடியாது?

செலவாகும் என்பார்கள். இன்று உடலைத் தேட அதிகாரிகள் யாரைக் கூப்பிடுகிறார்கள்? பக்கத்துக் குப்பத்து மீனவர்களைத்தான். தெண்டி, வன்னி என்று நீரோட்டங்களுக்குப் பெயர் வைத்து வாழ்கிறவர்கள் அவர்கள். கடலின் நிறத்தைப் பார்த்தே எங்கே இழுக்கும் என்று சொல்லிவிடுவார்கள். ஆள் போன பிறகு தேடும் அந்தக் கைகளை, ஆள் இறங்கும் முன்பே சம்பளம் கொடுத்துக் கரையில் நிறுத்தலாம். முதலுதவிப் பயிற்சி, மிதவைப் பலகை, காப்பீடு ஆகியவற்றுக்கு அரசு பொறுப்பேற்க வேண்டும்.

கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அவற்றில் கடலுக்குப் போகும் இளைஞர்கள் வருமானமின்றிக் கரையில் இருக்கும் அதே நாட்களில்தான் பள்ளி விடுமுறைக் கூட்டமும் கடற்கரைக்கு வருகிறது. அடுத்த தடைக்காலத்துக்கு முன் மாவட்டத்துக்கு ஒரு கடற்கரையையாவது தேர்ந்தெடுத்து, கொடி நட்டுக் குளிக்கும் எல்லையை வகுத்து, இவர்களை வேலைக்கு எடுக்க மீன்வளத் துறையும் சுற்றுலாத் துறையும் சேர்ந்து ஆணை பிறப்பிக்க வேண்டும்.