தம்பூராவுக்குச் சுருதி கூட்டும் முறை

ஊரைவிட்டு வந்த நம் குடும்பங்கள் சிலவற்றில், தஞ்சாவூர்ப் பலாமரத் தம்பூரா ஒன்று உறையிட்டபடியே மூலையில் சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது. குழந்தைகளோ மின்சாரச் சுருதிப்பெட்டியையோ கைப்பேசியையோ வைத்துக்கொண்டு பாட்டுப் பயில்கிறார்கள். கேட்டால், "சுருதி கூட்டித் தர இவ்வூரில் ஆள் இல்லை" என்கிறார்கள். இதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. சுருதிப்பெட்டி, சாக்குக்கட்டி, பருத்தி நூல், மெல்லிய துணி ஆகிய நான்கும் இருந்தால் போதும்.

முதலில் பிரடைகளைக் கவனிக்க வேண்டும். டில்லி போன்ற இடங்களின் வறண்ட காற்றில் மரம் சுருங்கி, பிரடை நழுவும். அதனைக் கழற்றித் துடைத்து, சாக்குக்கட்டியைத் தேய்த்து, உட்புறமாக அழுத்தியவாறே திருகினால் நிற்கும். மழைக்காலத்தில் மரம் உப்பிப் பிரடை இறுகினால், வலிந்து திருகலாகாது. சிறிது சிறிதாக அசைத்துத் தளர்த்த வேண்டும்.

மீட்டும் வரிசையில் தந்திகள் பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என நான்கு. குதிரைமேல் தந்திகளுக்கு அடியிலுள்ள ஜீவா நூல்களை ஒதுக்கிவிட்டு, பாடுபவரின் கட்டையைச் சுருதிப்பெட்டியில் வைத்து, சாரணியை அந்த ஷட்ஜத்தில் சேர்க்கவும். அடுத்து அனுசாரணியை அதனோடு சேர்க்கவும். இரண்டும் சற்றே விலகியிருப்பின் ஒலி அலையலையாக ஏறி இறங்கும். நெருங்க நெருங்க அலை மெதுவாகி, சேர்ந்தவுடன் நின்றுவிடும். பின்னர் மந்தர ஷட்ஜம், இறுதியில் பஞ்சமம். மந்தரத்தின் அதிர்வு 2 பங்கெனில், பஞ்சமம் 3, சாரணி 4. அந்தத் தம்பூராவுக்கு உரிய கட்டைக்கு மேல் முறுக்கினால் தந்தி அறுந்துபோகும். நுட்பமான வித்தியாசங்களைக் குதிரைக்குப் பின்னுள்ள மணிகளை நகர்த்திச் சரிசெய்க.

இனி ஜீவா. ஒவ்வொரு தந்தியின் கீழும் நூலை மயிரிழையளவு முன்னும் பின்னும் நகர்த்துக. ஓரிடத்தில் ஒலி திடீரென மலர்ந்து ரீங்காரமிடும். நூலை அங்கேயே விடுக. சுருதியை மறுபடியும் ஒருமுறை சரிபார்க்கவும்.

இந்த ரீங்காரத்தின் காரணத்தை ஆராய்ந்தவர் சர். சி. வி. ராமன். 1907-ல் கணக்குத்துறை உத்தியோகஸ்தராகக் கல்கத்தா சென்று, அலுவல் போக எஞ்சிய பொழுதில் ஆராய்ச்சி நடத்தி, 1917-ல் பேராசிரியரானவர் அவர். மீட்டும் இடத்தைப் பொறுத்துச் சில மேற்சுரங்கள் எழலாகாது என்கிறது பழைய விதி. தம்பூராவில் அவையும் எழுகின்றன என்றும், குதிரையின் வளைந்த மேற்பரப்பே அதற்குக் காரணம் என்றும் 1921-ல் அவர் எடுத்துக்காட்டினார்.

பெட்டியின் சுருதி ஆயத்தமாகவே வருகிறது. குழந்தை அதனைக் கேட்டால் போதும். தம்பூராவிலோ சேர்ந்ததா, சேரவில்லையா என்று அதன் செவியே தீர்மானிக்க வேண்டும். பாட்டுக்கு முதற்பாடம் அதுவன்றோ? ஆகவே அன்பர்கள் தந்தியைத் தாமே கூட்டிவிடாது, "அலை நின்றதா, சொல்" என்று குழந்தையைக் கேட்டுக் கேட்டுக் கூட்டுவார்களாக. முதல் நாள் அரைமணி நேரம் ஆகலாம். பழகிவிட்டால் சில நிமிடங்களே பிடிக்கும்.