துருவின் மேல் பூசிய வண்ணம்



ஊர்த் திருவிழாவுக்குக் கொடியேறும் நாள் நெருங்கிவிட்டால், கடலோரச் சிற்றூர்களில் வீடுதோறும் சுண்ணாம்பு மணமும் வண்ணப்பூச்சு மணமும் எழும். வெளியூரில் தொழில் செய்யும் பிள்ளைகள் பணம் அனுப்புவர். பழைய ஓலை வேலியைப் பிடுங்கிவிட்டு மதிற்சுவர் எழுப்பலாமா, வீட்டின் முன்புறம் கடலை நோக்கி மரத்தளம் ஒன்று அமைக்கலாமா, மாடிக்கு இரும்புக் கம்பி அழி போடலாமா என்றெல்லாம் பேச்சு நடக்கும். "சாமி, எது நல்லது?" என்று நம்மிடமும் கேட்பர். நாம் கொத்தனாரும் அல்லோம், தச்சரும் அல்லோம். ஆயினும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கடலோரப் பங்குகளில் வாழ்ந்து கண்டதையும், கைத்தொழில் அறிந்தோரிடம் கேட்டதையும் எடுத்துரைக்கும் கடமை நமக்கு உண்டு. அதற்கு முன் நம் பிழை ஒன்றை ஒப்புக்கொள்வது முறையாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஒரு பங்கில், பங்கு இல்லத்தின் மாடி முகப்பில் இரும்புக் கம்பி அழி இருந்தது. கடல் அங்கிருந்து கூப்பிடு தூரம். கம்பிகள் தளத்தில் புதைந்த இடத்தில் துரு பொருக்குப் பொருக்காக எழும்பியிருந்ததை நாம் அறிவோம். வலை பின்னும் முதியவர் ஒருவர், "சாமி, அடியிலே அரிச்சுப்போச்சு, மேலே பூசினா நிக்காது" என்று சொல்லவும் செய்தார். திருவிழாவுக்கு ஒரு வாரமே இருந்தது. கையில் பணமும் இல்லை. "திருவிழா முடியட்டும் பெரியவரே, பார்த்துக்கொள்வோம்" என்று கூறி, துருவின் மேலேயே பச்சை வண்ணம் பூசச் செய்தோம். பார்வைக்குப் புதியதுபோல் விளங்கிற்று. திருவிழாவின் ஏழாம் நாள், பீடச் சிறுவன் ஒருவன் தேர் அலங்காரத்தைக் காண அதன்மேல் சாய்ந்தான். அழி அடியோடு பெயர்ந்தது. கீழே மணற்குவியல் இருந்தமையால் பிள்ளை உயிர் தப்பினான், வலக்கை முறிந்தது.

மருத்துவமனையில் அவன் தாயார் நமக்கே ஆறுதல் கூறினார். "கம்பி துருப்பிடிச்சதுக்கு சாமி என்ன செய்வீங்க?" என்றார். நாம் முன்னரே அறிந்திருந்தோம் என்பது அவருக்குத் தெரியாது. மறுநாள் சென்று உண்மையைச் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "இனி எந்த வீட்டிலேயும் இப்படி நடக்காம நீங்க எல்லாருக்கும் சொல்லணும் சாமி" என்றார். அந்தச் சொல்லை நிறைவேற்றவே இத்திங்கள் இவ்வாறு எழுதுகிறோம்.

கடற்காற்று வெறுங்காற்று அன்று. அலை உடையும்போது எழும் நுண்திவலைகளில் உப்பு கலந்து வருகிறது. அந்த உப்பு இரும்பின் மேல் படிந்து, காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. ஆகவே மழை பெய்யாத நாளிலும் கடலோர இரும்பு நனைந்தே இருக்கிறது எனலாம். வெட்டவெளியில் நிற்கும் கம்பியையாவது மழை கழுவும். மழைநீர் படாத மூலையிலும், நீர் தேங்கும் அடிப்பகுதியிலுந்தான் அரிப்பு மிகுதி. எனவே, நட்ட கம்பியின் நடுவைப் பார்த்து மகிழாமல் அதன் அடியைப் பார்க்க வேண்டும்.

சிமெண்டுக்குள் புதைத்துவிட்டால் கம்பி பிழைத்துக்கொள்ளும் என்று எண்ணுவதும் தவறு. நல்ல கான்கிரீட் தன் காரத்தன்மையால் கம்பியைக் காக்கும். ஆனால் உப்பு உள்ளே புகுந்துவிட்டால் அக்காவல் உடைந்துபோகும். இரும்பு துருவாகும்போது அதன் பருமன் இரு மடங்குக்கும் மேல் பெருகி, கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 456 என்னும் 2000ஆம் ஆண்டு விதிநூல், கம்பி வைத்துக் கட்டும் கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருத்தல் ஆகாது என்கிறது. கடல்நீரிலோ ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் உண்டு. கடல் மணலையும் உவர்க்கிணற்று நீரையும் கொண்டு கட்டினால், வீட்டின் எதிரியை நாமே சுவருக்குள் குடியேற்றுகிறோம் என்பதே பொருள். கடற்காற்று படும் கான்கிரீட்டில் கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் இடையே 45 மில்லிமீட்டரும், திவலை நேராக அடிக்கும் இடத்தில் 50 மில்லிமீட்டரும் கனம் வேண்டும் என்றும் அந்நூல் விதிக்கிறது. கட்டிய பின் நல்ல நீரால் குறைந்தது 7 நாள், கலப்புச் சிமெண்டானால் 10 நாள், நனைத்து வைத்தல் வேண்டும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய வேலித் தூண்கள் விரைவில் வெடிப்பதன் காரணம் இப்போது விளங்கும்.

இனி வேலியைப் பார்ப்போம். முழுச் சுவரே உறுதி என்பது பலருடைய எண்ணம். காற்றின் வழக்கம் வேறு. அடைத்த சுவரில் அது முழு வலிமையோடு மோதும். சுவரின் மேலேறிப் பின்புறம் சுழன்று விழும். சுழலோடு வந்த மணலும் முற்றத்திலேயே குவியும். பாதி அடைப்பும் பாதி இடைவெளியுமாக உள்ள வேலியோ காற்றை வடிகட்டித் தணிக்கும். அதன் உயரத்தைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு தொலைவு வரை அத்தணிவு உணரப்படும். காற்றை வழிவிட்டு அனுப்புவதால் வேலியும் சாயாமல் நிற்கும். நம் முன்னோர் பனைமட்டையை நெருக்கியும் நெருக்காமலும் நட்டுக் கட்டிய வேலி இந்த அறிவின் பயனே.

ஆயினும் மட்டையும் ஓலையும் ஆண்டுதோறும் கைப்பாடு கேட்கும்; சவுக்குக் கம்பு மண்ணுக்குள் இருக்கும் பகுதியில் விரைவில் இற்றுப்போகும். நெடுநாள் பயனை விரும்புவோர் உயிர்வேலி இடலாம். மழைக்காலத் தொடக்கத்தில் கிளுவைப் போத்துகளை நெருக்கமாக நட்டால் வேர் பிடித்துத் தானே தூணாகும். பூவரசும் உவர்க்காற்றைத் தாங்கும். அதன் நிழலோ கூடுதல் நன்மை. கடலுக்கு மிக அணுக்கமான மணலில் தாழை செழிக்கும். மணலையும் பிடித்து நிறுத்தும். வேலிக்கு எளிது என்று சீமைக் கருவேலத்தை மட்டும் கொணர வேண்டா. அது வேலியில் நில்லாது, ஊரையே வளைத்துக்கொள்ளும்.

அடுத்து, திண்ணைக்கு மாற்றாகச் சிலர் இக்காலத்தில் அமைக்கும் மரத்தளம். மரத்துக்கு உப்பு அத்துணைப் பகையன்று. தேங்கிய ஈரமும் கறையானுமே பகை. ஆகவே மரக்கால்களை மண்ணில் புதையாமல், தரைக்கு மேல் எழுந்த கல் அல்லது கான்கிரீட் பீடத்தின் மீது நிறுத்துக. பலகைகளுக்கிடையே சுண்டுவிரலின் பாதிக் கனமேனும் இடைவெளி விடுக. தளத்தின் கீழே காற்று உலவ ஓரடி உயரமாவது இருத்தல் நலம். தேக்கும் வேங்கையும் உழைக்கும்; விலை மிகுதி என்போர் முதிர்ந்த பனையின் வைரப் பகுதியை நாடலாம். படகுகளுக்குப் பூசும் முந்திரிக்கொட்டை ஓட்டெண்ணெய் மரத்தைக் காக்குமாயினும், தோலைப் புண்ணாக்கும் தன்மையுடையது. குழந்தைகள் அமரும் தளத்துக்கு அது ஆகாது.

ஆணிதான் பலரும் மறக்கும் பொருள். நம் கட்டுமரம் ஆணியின்றிக் கயிற்றால் கட்டப்பட்டது. சோழமண்டலக் கரையின் மசூலாப் படகு தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டது. இரும்பைக் கடலுக்குக் கொடுக்க அவர்கள் விரும்பவில்லை. இன்று ஆணியும் திருகும் வாங்குவோர், உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்தவற்றைக் கேட்டு வாங்குக. துருப்பிடிக்காத எஃகிலும் 304 என்னும் வகை கடலோரத்தில் பழுப்பேறும். மாலிப்டினம் கலந்த 316 வகையே தாங்கும். செப்பும் இரும்பும் ஒன்றையொன்று தொடும்படி அமைத்தால் உவர் ஈரத்தில் இரும்பு விரைந்து அரிக்கும்.

கட்டுவது ஒரு நாள் வேலை. காப்பதோ ஆண்டு முழுவதும் வேலை. திங்களுக்கு ஒருமுறை அழியையும் கதவுக் கீல்களையும் நல்ல நீரால் கழுவுக. வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசித் திங்களிலேயே, ஒவ்வொரு கம்பியையும் கையால் அசைத்தும் சிறு சுத்தியலால் தட்டியும் பாருங்கள். பொள்ளல் ஒலி எழுந்தால் அங்கே உள்ளரிப்பு உண்டு. துருவைக் கம்பித் தூரிகையால் உலோகம் தெரியுமட்டும் தேய்த்து, உப்பைக் கழுவி, உலர்ந்தபின் துருத்தடுப்புப் பூச்சிட்டு, அதன் பின்னரே வண்ணம் பூசுக. மெலிந்துவிட்ட கம்பியை வெட்டி எறிந்து புதியது வைப்பதே அறம். மாடி அழி 1 மீட்டருக்குக் குறையாத உயரமும், குழந்தையின் தலை நுழையாதபடி 4 அங்குலத்துக்கு மேற்படாத இடைவெளியும் உடையதாக இருக்கட்டும்.

மற்றொன்றையும் நினைவூட்டுகிறோம். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991இல் முதன்முதல் வந்தது. பின்னர் 2011இலும் 2019இலும் புதிதாக வெளியிடப்பட்டது. எனவே கரையருகே புதிதாகக் கட்டுவோர் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டறிந்து தொடங்குவது நலம். படகேற்றும் இடமும் வலை உலர்த்தும் இடமும் ஊருக்குப் பொது. உங்கள் வேலி அதனை விழுங்கலாகாது. அண்டை வீட்டாரின் பக்கம் ஒரு படல் வையுங்கள். நள்ளிரவில் நோயுற்றால் முதலில் ஓடிவருபவர் அந்தப் படலைத் திறந்துதான் வருவார்.

இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரம், புது வீடு கட்டுபவர் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் அமைக்கக் கட்டளையிடுகிறது. யாரேனும் விழுந்தால் அப்பழி அவ்வீட்டைச் சாரும் என்கிறது. குருமடத்தில் அதை நாம் பலமுறை படித்தோம். ஒரு பிள்ளையின் கை முறிந்த பின்னரே அது நமக்குப் புரிந்தது. அப்பிள்ளை இன்று வளர்ந்து தந்தையோடு கடலுக்குச் செல்கிறான். மழைநாளில் கை வலிக்கிறது என்று அவன் தாயார் சொல்லக் கேட்டோம்.

இத்திருவிழாவில் வண்ணம் பூசும் முன், அன்பர்களே, ஒருமுறை அடியைத் தட்டிப் பாருங்கள்.