எடைக்குப் போடும் பேப்பர்

விஞ்ஞானிகளுக்கும் மொய் நோட்டு உண்டு. சத்தியமாக!

ஒருவர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிடுகிறார். அவர்கள் பாஷையில் 'பேப்பர்'. பிற்பாடு இன்னொருவர் தன் பேப்பரில், 'இதை இன்னார் ஏற்கெனவே கண்டுபிடித்திருக்கிறார்' என்று குறிப்பிட்டால், முதலாமவர் கணக்கில் ஒரு மொய். சைட்டேஷன் என்பார்கள். நீ எனக்கு வை, நான் உனக்கு வைக்கிறேன் என்கிற திருப்பி மொய்யும் இதில் உண்டு!

இந்த மொய்யை எண்ணி மார்க் போட 2005-ல் ஒரு வழி சொன்னார், கலிஃபோர்னியாவின் இயற்பியல் பேராசிரியர் ஹோர்ஹே ஹிர்ஷ். பெயர் ஹெச் இண்டெக்ஸ். தலா 10 மொய்யாவது வாங்கிய பேப்பர்கள் உங்களிடம் 10 இருந்தால் மார்க் 10. தலா 20 வாங்கியவை 20 இருந்தால் 20. பி.காம். படித்த எனக்கே புரிகிறது. நிர்வாகங்களுக்குப் பிடிக்கக் கேட்கணுமா? வேலைக்கும் பிரமோஷனுக்கும் பயோடேட்டாவில் இதைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒரே ஒரு சிக்கல். வாழ்நாளில் இரண்டே பேப்பர் எழுதி, இரண்டுக்கும் தலா ஐயாயிரம் மொய் விழுந்தாலும் இந்தக் கணக்கில் அவர் மார்க் வெறும் 2. சுமாராக இருபது எழுதி, தலா இருபது வாங்கிய ஆசாமிக்கு 20!

இந்த இடத்தில் ஜப்பானின் யோஷினோரி ஓஷுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். செல் உயிரியல்காரர். 1988-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தனக்கென்று ஒரு லேப் கிடைத்தபோது வயது 43. எடுத்துக்கொண்ட விஷயம் ஈஸ்ட். பேக்கரி பன்னை உப்ப வைக்கிறதே, அதேதான். அதன் செல்லுக்குள் ஒரு பை இருக்கிறது. அது வெறும் குப்பைத் தொட்டி என்று பலர் நினைத்திருந்தார்கள். போட்டியே இல்லாத ஏரியா. அவருக்குப் பிடித்ததும் அதுதான்.

மாசக் கடைசியில் நாம் என்ன செய்வோம்? வீட்டிலிருக்கும் பழைய பேப்பரைக் கட்டி எடைக்குப் போட்டு, காய்கறி வாங்குவோம். பசி வந்தால் செல்லும் இதைத்தான் செய்கிறது. தன் பழைய சரக்கை மூட்டை கட்டி, அந்தப் பைக்குள் தள்ளி, கரைத்து, மறுபடி உபயோகிக்கிறது. பெயர் ஆட்டோஃபேஜி. ஆனால் மூட்டை உடனே கரைந்துவிடுவதால் ஈஸ்ட்டில் அதைப் பார்க்க முடியவில்லை. ஓஷுமி, கரைக்கும் என்ஸைம்கள் இல்லாத ஈஸ்ட்டை எடுத்துப் பட்டினி போட்டார். பழைய பேப்பர்க்காரர் வராத வீடு மாதிரி, சில மணி நேரத்தில் பைக்குள் மூட்டைகள் குவிந்தன. சாதாரண மைக்ராஸ்கோப்பிலேயே தெரிந்தன!

இது 1992-ல் பேப்பராக வந்தது. அடுத்த வருஷமே ஆயிரக்கணக்கான ஈஸ்ட் ரகங்களைச் சலித்து, இந்த வேலைக்குத் தேவையான 15 ஜீன்களை அடையாளம் காட்டினார். அதை வெளியிட்டது 'ஃபெப்ஸ் லெட்டர்ஸ்'. சின்னச் சின்னக் கட்டுரைகள் போடும் பத்திரிகை. காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிற இடமில்லை. வெளிவந்த அன்று மொய், எல்லா பேப்பருக்கும் போல, பூஜ்யம்.

அப்புறம்தான் தெரிந்தது, இதே ஏற்பாடு நம் உடம்பிலும் ஓடுகிறது என்று. அது கெட்டுப்போவதற்கும் பார்க்கின்ஸன்ஸ், புற்றுநோய் போன்றவற்றுக்கும் தொடர்பு இருப்பது புலப்பட்டது. ஒரு சிலரே எழுதிக்கொண்டிருந்த துறையில் இன்று வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் பேப்பர். 2016-ல் மருத்துவ நோபல், யாருடனும் பங்கு போடாமல் ஓஷுமிக்கே. வயது 71.

விஷயம் இதுதான். 2016-ல் அவர் மொய் நோட்டைப் பார்த்து 'ஆஹா' சொல்ல யாராலும் முடியும். 1993-ல் சொல்ல வேண்டுமென்றால், ஒரே வழி, அந்த பேப்பரை உட்கார்ந்து படிப்பது. வேலையும் பணமும் தேவைப்படுவதோ அந்த 1993-களில்தான்.

இது செல் உயிரியல்காரர்களுக்கே உறைத்திருக்கிறது. 2012-ல் அமெரிக்க செல் உயிரியல் சங்கத்தின் ஸான் ஃபிரான்ஸிஸ்கோ கூட்டத்தில் கூடிப் பேசி, ஒரு பிரகடனம் தயாரித்தார்கள். எந்தப் பத்திரிகையில் வந்தது என்பதை வைத்து ஆளை எடை போடாதீர்கள், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள் என்பது அதன் சாரம்.

ஆகவே, அடுத்த தடவை யாராவது 'சார் 150 பேப்பர் போட்டவர்' என்று அறிமுகம் செய்தால், பவ்யமாகக் கேளுங்கள்: "ரொம்ப சந்தோஷம் சார். அதுல ஒண்ணே ஒண்ணைப் பத்திச் சொல்லுங்களேன்?"

பேப்பரைத் தராசில் போட்டுப் பார்க்க, தெருவில் வேறு ஆள் வருகிறார்.