மனையில் நறும்புகை

அந்திப்பொழுதில் விளக்கேற்றித் தூபக்காலில் தணலிட்டுச் சாம்பிராணி தூவி, அப்புகையை அறைதோறும் காட்டுதல் எம் யாழ்ப்பாணத்து மனைகளில் நெடுங்காலம் நிலவிய வழக்கமாகும். இன்று அஃது அருகி வருகின்றது. பழையது என்பதனாலேயே அதனைப் போற்றுக என யாம் கூறவில்லை. பழையது என்பதனாலேயே கைவிடுதலும் தகாது. கொள்ளத்தக்கது யாது, தள்ளத்தக்கது யாது என ஆராய்தல் கற்றோர் கடன்.

நறும்புகை தமிழர்க்குப் புதியதன்று. மகளிர் கூந்தலை அகிற்புகையில் உலர்த்திய செய்தியைப் பண்டை இலக்கியங்களிற் காண்கின்றோம். மனைவியின் தாலியைக் கொடுத்துக் குங்கிலியம் வாங்கிய திருக்கடவூர்க் கலயரின் வரலாற்றைப் பெரியபுராணம் பேசுகின்றது. ‘நாற்றம்’ என்னும் சொல்லே அன்று நறுமணத்தைக் குறித்தது. இன்றோ வகுப்பில் அச்சொல்லைக் கூறின் மாணவர் மூக்கைப் பொத்துகின்றனர்! சொல் இழிந்தவாறே பொருளும் இழிந்துவிட்டதோ என ஐயுறுகின்றோம்.

வழக்கம் அருகியதற்குக் காரணம் பக்திக் குறைவு அன்று. விறகடுப்பு எரிந்த காலத்தில் தணலுக்குக் குறைவில்லை. வாயு அடுப்பு வந்தது, தணல் மறைந்தது. அவ்விடத்தில் ஊதுபத்தியும், ‘கம்பியூட்டர் சாம்பிராணி’ என்னும் விநோத நாமம் பூண்ட வில்லையும் புகுந்தன. சாம்பிராணியாவது சுமாத்திரா முதலிய இடங்களில் மரப்பட்டையைக் கீறிப் பெறும் பிசின். மலிவான ஊதுபத்தியோ மூங்கிற் குச்சியிற் கரித்தூளும் மரத்தூளும் அப்பிச் செயற்கை வாசனையில் தோய்த்தெடுப்பது. கொளுத்தி வைத்துவிட்டுத் தொலைக்காட்சிமுன் அமர்கின்றோம். எரிந்தது எப்போது, அணைந்தது எப்போது என்று அறிவார் இல்லை.

இவ்விடத்தில் யப்பானியரை நோக்குதல் நன்று. கி.பி. 595 இல் அவாசித் தீவில் நறுமணக் கட்டையொன்று கரையொதுங்கியதாக அவர்தம் பழைய வரலாற்று நூலாகிய நிகொன் சொகி கூறும். அவர்கள் வீட்டில் ஏற்றும் பத்தியில் மூங்கிற் குச்சி இல்லை. மணப்பொருள்களை மரப்பட்டைத் தூளுடன் பிசைந்து இழையாக்குவர். இல்லத்துப் புத்தபீடத்தின்முன், மறைந்த முன்னோரை நினைந்து அதனை ஏற்றுவர். ‘கோதோ’ என்னும் மணக்கலையிலோ, சாம்பலுட் புதைத்த தணலின்மேல் மைக்காத் தகடு வைத்து, அதன்மீது சிறு அகிற் சீவலை இட்டு, புகை எழாமலே மணம் எழச் செய்வர். அம்மணத்தை நுகர்தலை அவர்கள் ‘கேட்டல்’ என்பர். எத்துணை அரிய சொல்! வேண்டுவது புகையின் மிகுதியன்று, மனத்தின் ஒருமை என்பதை அச்சொல் உணர்த்துகின்றது.

புகையால் நுளம்பு அகலும், நோய் அணுகாது என வாதிப்போர் உளர். நுளம்புக்கு வலை உண்டு. நோய்க்கு வைத்தியர் உண்டு. எப்புகையாயினும் அதன் நுண்டுகள்கள் நுரையீரலுக்குத் தீங்கு என மருத்துவம் தெளிவாகக் கூறுகின்றது. ஆதலின் முழுக வார்த்த பச்சிளங் குழந்தையைப் புகையிற் காட்டும் வழக்கத்தை அறவே ஒழித்தல் வேண்டும். பாட்டிமார் எம்மைச் சினப்பர். சினப்பினும் சொல்லுதல் எம் கடமை. மூச்சிழுப்பு உடையார் உறங்கும் அறையிலும் புகை கூடாது.

கொள்ளத்தக்கது யாது? வெள்ளிதோறும் அந்தியில், சாளரங்களைத் திறந்து வைத்து, சிரட்டைக் கரியின் தணலில் ஒரு சிட்டிகை உண்மைச் சாம்பிராணி போதும். அது மணந்து அடங்கும்வரை வீட்டார் அனைவரும் ஓரிடத்தில் இருத்தல் வேண்டும். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் எம் பழைய மாணவர், தூபமிட்டால் புகை அறிவிப்பான் அலறுகின்றதே என்பர். அவர்கள் சிறு சந்தனச் சீவலைப் புகையாதபடி சூடேற்றி அம்மணத்தைக் ‘கேட்பாராக’.

மாணவர்காள்! வீட்டில் தூபக்கால் பரணில் கிடப்பின் அதனை இறக்கித் துலக்குங்கள். புகை சிறிதாகுக, கூடியிருக்கும் பொழுது பெரிதாகுக. மனையறம் மணப்பது அதனாலேயாம்.