தரம் வென்றதாம்!

வைமேக்ஸ், எல்.டி.இ. என்ற இரண்டு தொழில்நுட்பங்கள் மோதிய 4ஜி வரலாறு பேசும் மேடைகளில் ஒரு வாக்கியம் தப்பாமல் வந்துவிடும்: “வைமேக்ஸ் தரத்தில் பின்தங்கியது, எல்.டி.இ. உயர்ந்தது, சந்தை சரியானதைத் தேர்ந்தெடுத்தது.” கைதட்டலும் விழும். வருடக்கணக்கில் கேட்டுக் காது புளித்துவிட்டது.

முதலில், பின்தங்கியது என்ற கதை. டவரிலிருந்து போனுக்கு வரும் வழியில் இரண்டுமே அலைவரிசையைப் பல சிறு துண்டுகளாகப் பிரித்துப் பலருக்குப் பங்கிடும் ஓ.எஃப்.டி.எம்.ஏ. முறைதான். பல ஆன்டெனா உத்தியும் இரண்டுக்கும் பொது. நடமாடும் வைமேக்ஸுக்கான விதிமுறை 2005-லேயே தயார். அதன் கொரிய உறவான வைப்ரோ 2006-ல் சேவைக்கே வந்துவிட்டது. எல்.டி.இ. ஸ்டாக்ஹோமிலும் ஆஸ்லோவிலும் தலைகாட்டியது 2009 டிசம்பரில். முன்னால் போனவர் பின்தங்கியவராம்!

இரண்டாவது, வைமேக்ஸ் போனில் சார்ஜ் நிற்காதாம். முதல் எல்.டி.இ. போன்களில் மட்டும் நின்றதா?

மூன்றாவது, சந்தை தேர்ந்தெடுத்ததாம். எந்தச் சந்தை? உங்களை யாராவது கேட்டார்களா? 2010-ல் இந்தியாவில் 2300 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை ஏலத்துக்கு வந்தது. அதில் வைமேக்ஸும் ஓடும், எல்.டி.இ.யின் டி.டி. வகையும் ஓடும். ஏலம் கேட்க வந்தவர்களில் குவால்காமும் ஒன்று. சிப் விற்றும் ராயல்டி வாங்கியும் பிழைக்கும் நிறுவனத்துக்கு அலைக்கற்றை எதற்கு? ஆனாலும் டெல்லி, மும்பை, ஹரியானா, கேரளா என நான்கு தொலைத்தொடர்பு வட்டங்களை ஏறத்தாழ 4,900 கோடி ரூபாய்க்கு எடுத்தது. பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதேதான். எல்.டி.இ. உட்கார வேண்டும், வைமேக்ஸ் உட்கார்ந்துவிடக் கூடாது, அவ்வளவே. 2012-ல் அந்த அலைக்கற்றை வைத்திருந்த குவால்காமின் நிறுவனங்களில் 49 சதவீதப் பங்கு ஏர்டெல் கைக்குப் போனது. சேவை நடத்தும் ஆசை எவ்வளவு இருந்தது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வைமேக்ஸைத் தூக்கிப் பிடித்த இன்டெல் மட்டும் உத்தமரா? 2003-ல் லேப்டாப்பில் ஒட்ட சென்ட்ரினோ ஸ்டிக்கர் வேண்டுமென்றால் பிராசஸர், சிப்செட், வைஃபை அட்டை மூன்றையும் தன்னிடமே வாங்க வேண்டும் என்றது. அந்த அட்டையின் வேகம் 11 மெகாபிட். 54 மெகாபிட் அட்டைகள் அப்போதே கடைக்கு வந்திருந்தன. ஸ்டிக்கர்தான் ஜெயித்தது. அதே வித்தையை வைமேக்ஸில் காட்டத்தான் அமெரிக்காவில் வைமேக்ஸ் சேவை நடத்திய கிளியர்வயர் நிறுவனத்தில் 2006-ல் 60 கோடி டாலரும், 2008-ல் 100 கோடி டாலரும் போட்டது. ஆனால் வைஃபை பெட்டியை யாரும் வாங்கி வீட்டில் மாட்டலாம். வைமேக்ஸுக்கோ உரிமம் வேண்டும், டவர் வேண்டும். இரண்டும் பெரும்பாலும் ஜி.எஸ்.எம்.மில் வளர்ந்த ஆபரேட்டர்கள் கையில். எல்.டி.இ.யோ அவர்கள் உட்கார்ந்து பேசும் 3ஜிபிபி என்ற தரநிலை அமைப்பில் பிறந்த பிள்ளை. ஜி.எஸ்.எம்.முக்குப் போட்டியான சி.டி.எம்.ஏ. நடத்திய அமெரிக்காவின் வெரைசனே 2007-ல் எல்.டி.இ. பக்கம் சாய்ந்துவிட்டது. அப்புறம் இன்டெல் என்ன செய்ய முடியும்?

கடைசியாக ஒன்று. குவால்காம் 4ஜிக்காகத் தானே முன்வைத்த யு.எம்.பி. என்ற தரத்தை 2008-ல் கைவிட்டது. அது எந்தத் தேர்வில் தோற்றது? ஆபரேட்டர் கிடைக்கவில்லை, கதை முடிந்தது.

இனி மேடையில் யாராவது “தரம் வென்றது” என்றால், அலைக்கற்றை யார் கையில் இருந்தது என்று எழுந்து கேளுங்கள்.